பதினேழு வட்டங்களும் யேசுரட்ணம் விதானையாரும்

இன்று மத்தியானம் வெக்ஸ்போர்ட்டில், லோறன்ஸ் வீதியோரத்து அச்சகம் ஒன்றில், யேசுரட்ணம் என்ற மனிதரைச் சந்திக்கக் கிடைத்தது. போனது பிறந்தநாள் அழைப்பிதழ் எடுக்க. மூன்று மணித்தியாலம் போய்விட்டது, அழைப்பிதழ் இன்னும் கடையிலேயே கிடக்கிறது. பஸ்ஸில் வரும்போதே அவசரமாகத் தட்டியது இது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர்களைப் போடலாம் என்று சம்பந்தப்பட்ட எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

யேசுரட்ணத்துக்கு அறுபத்துமூன்று வயது. மல்வேர்னில் இருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறார். கல்யாணக் கார்ட், சாமத்தியவீட்டு அழைப்பிதழ், செத்தவரின் படமும் வாழ்க்கை வரலாறும் போட்டு முப்பத்தோராம் நாளில் பங்கிடுகிற கல்வெட்டு, இவைதான் அந்த அச்சகத்தின் பிழைப்பு. கல்வெட்டில் ஒரு பேரப்பிள்ளையின் பெயர் விடுபட்டால் குடும்பமே இரண்டாக உடையும். யேசுரட்ணம் வந்த பதினொரு வருடத்தில் ஒரு பெயரும் விடுபட்டதில்லை. எப்படி என்று முதலாளி சண்முகலிங்கம் கேட்டதற்கு, ஊரில் எழுத்து வேலை பார்த்தவன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

மன்னார்ப் பெருநிலத்தில் அவர் கிராம சேவகராக இருந்தவர். சனம் கூப்பிடுவது விதானையார் என்று. எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன வயது, யார் இடம்பெயர்ந்து வந்தவர், எல்லாம் அவருடைய பதிவேட்டில் இருந்தது.

ஐந்து கிழமைக்கு முன்பு, ஒக்ரோபர் கடைசியில், அந்தக் கடைக்கு மிஸிஸ் ஹான் வந்தார். எழுபத்தேழு வயதுக் கொரியப் பெண்மணி, பக்கத்துத் தெருத் தொடர்மாடியில் தனியாக இருப்பவர். பட்டுத் துணியில் சுற்றிய ஒரு கொப்பியை மேசையில் வைத்தார். தன் அப்பாவின் நினைவாக ஒரு சின்னப் புத்தகம் அடிக்க வேண்டும், டிசம்பரில் தங்கள் மண்டபத்தில் ஊர்க்காரர்களைக் கூட்டி வெளியிட வேண்டும் என்றார்.

"பாத்தீங்களே அண்ணை," என்று சண்முகலிங்கம் உள்ளே வந்து தமிழில் குசுகுசுத்தார். "கொரியாக்காரிக்கும் நாங்கள்தான் கல்வெட்டு அடிக்கிறம். இனி உலகத்தில ஆர் செத்தாலும் எங்களிட்டத்தான் வருவினம்."

யேசுரட்ணம் சிரித்தார். அன்றைக்குத்தான் கடைசியாகச் சிரித்தது என்று சண்முகலிங்கம் சொல்கிறார்.

கொப்பியின் கதையை மிஸிஸ் ஹான் நின்றபடியே சொன்னார். கொரியா யப்பானின் கையில் இருந்த காலம். நாட்டைப் பதின்மூன்று மாகாணங்களாகப் பிரித்து, மாகாணத்துக்குக் கீழே மாவட்டம், மாவட்டத்துக்குக் கீழே ஊர்க்கூட்டம் என்று மேலிருந்து கீழே ஆண்டார்கள். மேலே இருந்தவர்களில் அநேகமானோர் யப்பானியர். ஆகக் கீழே, ஊர்க்கூட்டத்துக் கந்தோரில், கொரியர்கள்தான் எழுதுவினைஞர்கள். தெற்குக் கரையோரத்தில் அப்படியான ஒரு கந்தோரில் அவருடைய அப்பா எழுதுவினைஞராக இருந்தார். ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்துநாலாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் சுரங்கங்களுக்கு ஆள் கேட்டு ஆணை வந்தது. தலைநகர் மாகாணத்துக்கு ஒரு தொகை சொன்னது, மாகாணம் அதைப் பிரித்து மாவட்டத்துக்குச் சொன்னது, மாவட்டம் ஊருக்குச் சொன்னது. அப்பாவின் மேசைக்கு வந்தபோது அது அறுபத்திரண்டு பேர்.

அவர் ஆங்கிலத்தில் மாகாணம், மாவட்டம் என்று சொல்லச் சொல்ல, யேசுரட்ணத்தின் தலைக்குள் அது கொழும்பு, மாவட்டக் கச்சேரி, பிரதேச செயலகம் என்று தானாக மாறிக்கொண்டிருந்தது. கடைசிப் படியில், ஆணையைத் தாளில் இருந்து ஆளாக மாற்றுகிற இடத்தில், எப்போதும் ஒரு மேசையும் ஓர் எழுதுவினைஞனும்தான் இருப்பார்கள். அது அவருக்குத் தெரியும்.

அப்பா பதினேழு பேரைக் காப்பாற்றினார் என்று மிஸிஸ் ஹான் சொன்னார். அவருடைய அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்த கதை அது. கொப்பியைத் திறந்து காட்டினார். மேலிருந்து கீழாக எழுதிய பெயர்கள். சட்டம் போட்டு மாற்றவைத்த யப்பானியப் பெயர் மையில் இருந்தது, பக்கத்தில் உண்மையான கொரியப் பெயரை அப்பா பென்சிலால் எழுதியிருந்தார். பதினேழு பெயர்களைச் சுற்றி வட்டம். ஒவ்வொரு வட்டத்தின் மேலும் பொட்டு மாதிரி ஒரு சின்னச் சிவப்பு முத்திரை. அந்த முத்திரைதான் புத்தகத்தின் அட்டையாக வர வேண்டும், அவ்வளவு வடிவு என்றார். கடைசிப் பக்கத்தில் தலைப்பே இல்லாமல் இன்னும் பதினேழு பெயர்கள் இருந்தன. அவை நன்றி சொல்ல வந்த குடும்பத்தவர்களின் பெயர்களாக இருக்க வேண்டும், அந்தப் பக்கத்துக்கு 'நன்றி கூறியோர்' என்று தலைப்புப் போடுங்கள் என்றார்.

நாற்பத்தைந்தாம் ஆண்டு ஓகஸ்ட்டில் யப்பான் சரணடைந்த செய்தி வந்தபோது, ஊர்ச்சனம் திரண்டு அந்தக் கந்தோரைத்தான் உடைக்க வந்ததாம். அப்பா பின்கதவால் ஓடித் தப்பினார், கொப்பியையும் எடுத்துக்கொண்டு. சனத்துக்கு உண்மை தெரியாது, அதனால்தான் பிழையாக நினைத்துவிட்டார்கள் என்று மிஸிஸ் ஹான் சொன்னார்.

ஸ்கான் பண்ணும் வேலை அவருடையது. பக்கங்கள் மாறிப் போகாமல் இருக்க, சீன எழுத்தில் இருந்த எண்களை மட்டும் மிஸிஸ் ஹானிடம் எழுதி வாங்கினார். ஒன்றும் இரண்டும் மூன்றும் வெறும் கோடுகள். மிச்சத்தைத் துண்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். பெயர்கள் ஒன்றும் விளங்காது. எண்கள் விளங்கின. அது போதுமாக இருந்தது.

இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். பட்டியலின் அடியில் கூட்டுத்தொகை அறுபத்திரண்டு. பதினேழு பேரை எடுத்தால் நாற்பத்தைந்து என்று மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. கடைசிப் பக்கத்துப் பதினேழு பெயருக்கும் எதிரே வீட்டு இலக்கமும் வயதும் இருந்தன. பத்தொன்பது, இருபத்துமூன்று, முப்பத்தொன்று. நன்றி சொல்ல வருகிறவர்களில் ஒரு கிழவன்கூடவா இல்லை? அந்தப் பெயர்களின் மேலும் அதே சிவப்பு முத்திரை இருந்தது. ஊரில், பதிவேட்டில் ஒன்றைத் திருத்தினால் பக்கத்தில் சின்னக் கையொப்பம் வைக்காமல் எந்த எழுதுவினைஞனும் விடமாட்டான். நாளைக்கு மேலதிகாரி கேட்டால், திருத்தியது நான்தான் என்று காட்ட. இந்த முத்திரையும் அதுதான். எடுத்த இடத்தில் ஒன்று, போட்ட இடத்தில் ஒன்று.

மேலே இருந்து கேட்டவன் தொகையைக் குறைக்கவே இல்லை. ஓர் ஆளை வெளியே எடுத்தால் இன்னோர் ஆளை உள்ளே தள்ள வேண்டும். மிஸிஸ் ஹானின் அப்பா பதினேழு பேரைக் காப்பாற்றியது உண்மை. அவர்களுக்குப் பதிலாக வேறு பதினேழு பேரைச் சுரங்கத்துக்கு அனுப்பியதும் உண்மை. அவர்களின் பெயர்களுக்கு மேலேதான் 'நன்றி கூறியோர்' என்று இவர் இப்போது தலைப்புப் போடப் போகிறார்.

அவர் கதிரையைப் பின்னே தள்ளிவிட்டு எழும்பினார். சண்முகலிங்கம் என்னண்ணை என்று கேட்க, கண் எரியுது என்றார்.

யேசுரட்ணத்துக்கு அந்த வேலை எப்படித் தெரியும் என்றால், அவரும் அதைச் செய்தவர். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. சண்டைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் என்று கேட்டு, அவருடைய பிரிவில் இருந்து முதலில் பதினாலு பெயர் வேண்டும் என்று வந்து நின்றார்கள். யார் வந்தார்கள் என்பதை அவர் இப்போதும் சொல்ல விரும்பவில்லை. அந்தக் காலத்தில் எல்லாப் பக்கத்தாருக்கும் விதானையின் பதிவேடு தேவைப்பட்டது. எழுதிக் கொடுத்தார். கொடுக்கிறதுக்கு முதல்நாள் மூன்று பேர் தங்கள் மகன்மாருக்காகத் தனித்தனியாக வந்து கெஞ்சினார்கள். ஒருவர் கோயில் மூப்பர், ஒருவர் அவருக்குப் படிப்பித்த வாத்தியார், மற்றவர் அவருடைய மச்சான். மூன்று பெயரை எடுத்தார். மூன்று பெயரைப் போட்டார். போட்டது எல்லாம் அப்போதுதான் இடம்பெயர்ந்து வந்து கொட்டிலில் இருந்த குடும்பங்கள். அவர்களுக்காக வந்து கதைக்க ஊரில் ஒருவரும் இல்லை. போட்ட மூன்றில் கடைசிப் பெயர் றொய்சன். வயது பத்தொன்பது. அவன் திரும்பி வரவேயில்லை.

அதோடு முடிந்திருந்தால் அவர் இந்நேரம் மறந்திருக்கக்கூடும். இரண்டு வருடத்துக்கு முன்பு மல்வேர்னில் பூசை முடிந்து வரும்போது ஓர் இளம்பெண் ஓடிவந்து கையைப் பிடித்தாள். கஜனி, றொய்சனின் தங்கை. ஊரை விட்டு வரும்போது பத்து வயது. இப்போது பல் வைத்தியசாலை ஒன்றில் வேலை, தாயோடு ரூஜில் வீடு. இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு நிவாரண அட்டை எழுதிக் கொடுத்த நல்ல மனிதர் என்றுதான் அவளுக்கு அவரை நினைவு. விதானை அங்கிள், விதானை அங்கிள் என்று வாய் ஓயாமல் கூப்பிட்டாள். போன இரண்டு நத்தாருக்கும் வீடு தேடி வந்து கேக் தந்துவிட்டுப் போனாள். அந்தக் கேக்கை அவர் ஒரு துண்டுகூட வாயில் வைத்ததில்லை என்று மனைவி மக்டலீன் சொல்கிறார்.

அதனால்தான் அவர் முதலில் வாயைத் திறக்கவில்லை. மிஸிஸ் ஹானிடம் கடைசிப் பக்கத்தைப் பற்றிச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் அது கஜனியிடம் போய்த்தான் நிற்கும். பேசாமல் இருந்தால் புத்தகம் அச்சாகும், மண்டபம் நிறையும், சுரங்கத்துக்குப் போன அந்தப் பதினேழு பேரின் பேரப்பிள்ளைகளும் அழைப்புக் கிடைத்து வந்து கைதட்டுவார்கள். மிஸிஸ் ஹான் நாட்டின் மறுகரையில், வென்கூவரில் இருந்தும் சிலரைத் தேடிப்பிடித்து அழைத்திருந்தார்.

இரண்டு கிழமை கடத்தினார். ஸ்கான் சரிவரவில்லை என்று ஒரு நாள், மெஷின் பழுது என்று ஒரு நாள். மிஸிஸ் ஹான் கோபிக்கவில்லை. ஒரு பை நிறையச் சீமைப்பனிச்சம்பழம் கொண்டுவந்து, உங்களைப் போலக் கவனமாக வேலை செய்கிறவர் கிடைத்தது அப்பாவின் அதிர்ஷ்டம் என்றார். இவர் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வெள்ளிக்கிழமை ஒப்புதல் கையெழுத்து, திங்கள் அச்சு என்று சண்முகலிங்கம் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மிஸிஸ் ஹான் பேனையை எடுத்து மூடியைக் கழற்றியபோது, யேசுரட்ணம் கையை நீட்டித் தாளை மறைத்தார். எண்களைக் காட்டினார். அறுபத்திரண்டை, வயதுகளை, முத்திரைகளை. மெதுவாக, ஒவ்வொன்றாக. பிறகு மிஸிஸ் ஹான் ஒரு கேள்வி கேட்டார். அதை யேசுரட்ணம் எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னார்.

"இவ்வளவும் தெரியுதெண்டால் நீங்களும் பட்டியல் எழுதின ஆள்தானே, மிஸ்டர் ரட்ணம். அப்ப உங்கட கொப்பி எங்கே?"

எரித்துவிட்டேன் என்றார். கையை எரிக்கவில்லையே, எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார் மிஸிஸ் ஹான். என் அப்பாவைப் பற்றி அந்நியர் ஒருவர் சொல்வதை நான் நம்ப வேண்டுமானால், அந்த வேலையை எப்படிச் செய்வது என்று உங்கள் ஊரை வைத்து எனக்குக் காட்டுங்கள். இல்லாவிட்டால் திங்கட்கிழமை புத்தகம் இப்படியே அச்சாகும். சொல்லிவிட்டுக் கொப்பியைப் பட்டுத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு குசினி மேசையில் இருந்து எழுதினார். பதினெட்டு வருடம் ஆகியும் ஒரு வீட்டு இலக்கமும் பிசகவில்லை. அதுதான் தன்னைப் பயமுறுத்தியது என்கிறார். மறந்துவிட்டதாக நினைத்த பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. மூன்று வட்டம் போட்டார். பக்கத்தில் மூன்று சின்னக் கையொப்பம். கீழே மூன்று பெயர், அவற்றுக்கும் மூன்று கையொப்பம். அடியில் கூட்டுத்தொகை பதினாலு.

மக்டலீன் தேத்தண்ணி வைக்க வந்து தாளைப் பார்த்தார். பார்த்த உடனே விளங்கிவிட்டது. எடுத்த மூன்று பேரில் ஒருவன் அவருடைய அண்ணன் மகன்.

"இஞ்சாருங்கோ," என்றார். "இதை ஆரும் உங்களிட்டக் கேட்டவையோ?"

"அந்த மனுசி கேட்டது."

"அந்த மனுசி கேட்டதெண்டு எழுதுறியள். கஜனி கேட்டால் என்ன செய்வியள்? நத்தார் வருது. வந்து இந்தக் கதிரையிலதான் இருப்பாள்."

மக்டலீன் கோப்பையை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். தாளைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு சொன்னார்: "என்ர அண்ணன்ர பெடியனுக்கு இப்ப மூண்டு பிள்ளையள். அவனை எடுத்ததுக்கு நான் உங்களுக்கு நன்றி சொன்னனான். ஆரைப் போட்டனியள் எண்டு ஒரு நாளும் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை, என்ன?"

திங்கள் காலை கடை திறக்க முதலே மிஸிஸ் ஹான் வாசலில் நின்றார். தாளை வாங்கினார். தமிழ் எழுத்து அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது. வட்டங்களைப் பார்த்தார், கையொப்பங்களை எண்ணினார், அடியில் இருந்த பதினாலைப் பார்த்தார். பிறகு தன்னுடைய கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, பென்சில் பெயர்களை முதல்முறையாகச் சத்தம் போட்டு வாசிக்கத் தொடங்கினார். ஒன்பதாவது பெயரில் நின்றார். அது யாருடைய பெயர், அந்தக் குடும்பத்தில் யாரை அவருக்கு இங்கே தெரியும் என்பதை யாருக்கும் சொல்லவில்லை. பிறகு 'நன்றி கூறியோர்' என்ற தலைப்பை வெட்டச் சொன்னார். ஒவ்வொரு வட்டத்துக்கும் எதிரே அதற்குப் பதிலாகப் போனவரின் பெயரைப் போடுங்கள், அட்டையில் முத்திரை அப்படியே இருக்கட்டும் என்றார். கையெழுத்துப் போடும்போது பேனை தாளைக் கிழித்தது.

யேசுரட்ணத்தின் தாளையும் அவர் திருப்பித் தரவில்லை. மண்டபத்தில் ஒரு மேசையில், தன் கொப்பிக்குப் பக்கத்தில் அதுவும் இருக்கும் என்றார். கேட்கவில்லை, சொன்னார்.

இனி ஒளிக்க ஓர் இடமும் இல்லை. நேற்று முன்தினம் யேசுரட்ணம் கஜனியைக் கடைக்கு வரச்சொன்னார். கல்வெட்டு அடிக்கிற மெஷினுக்குப் பக்கத்தில், பிரதி எடுத்து வைத்திருந்த தாளைக் கையில் கொடுத்து, சனிக்கிழமை கொரிய மண்டபத்து மேசையில் இது இருக்கும் என்றார். அவள் முதலில் சிரித்துக்கொண்டுதான் வாங்கினாள். மேலிருந்து விரல் வைத்து வாசித்தாள், ஊர்ப் பெயர்களைக் கண்டு சந்தோசப்பட்டாள். விரல் கடைசிப் பெயரில், றொய்சனில் வந்து நின்றது.

"இது உங்கட கையெழுத்தோ, விதானை அங்கிள்?"

"ஓம், பிள்ளை."

"மேல வட்டம் போட்டவை?"

"எடுத்தனான். அவையளுக்குப் பதிலாத்தான் கீழ மூண்டு பேரை..."

அவள் தாளை நாலாக மடித்தாள். அழவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, சண்முகலிங்கம் ஓடிப்போய் நிறுத்தினார்.

"அம்மா இப்பவும் அவன்ர ஃபோட்டோவைக் கொண்டு எல்லா இடமும் எழுதிப் போடுறா," என்றாள் கஜனி. "ஏன் எங்கட வீட்டில எண்டுதான் ஒவ்வொரு நாளும் கேக்கிறா. நான் சொல்லமாட்டன். நீங்கள்தான் சொல்லவேணும். சனிக்கிழமை மண்டபத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறன். நீங்கள் அந்த மேசையடியில நிக்கவேணும். ஓடக்கூடாது."

வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். றொய்சனோடு இன்னும் இரண்டு பெயர் கீழே இருக்கிறதே, அந்தக் குடும்பங்கள் இப்போது எங்கே என்று கேட்டாள். தெரியாது என்றார். "அப்ப தேடுங்கோ," என்றாள். "அவையளும் வரட்டும். எல்லாரும் வரட்டும்." அதற்குப் பிறகு அவள் அவரை அங்கிள் என்று கூப்பிடவில்லை.

இன்று யேசுரட்ணம் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். இருநூறு பிரதிகள், எல்லா அட்டையிலும் சிவப்பு முத்திரை. சனிக்கிழமை என்ன நடக்கும் என்று கேட்டதற்கு, நாற்பத்தைந்தில் ஊர்ச்சனம் கந்தோருக்கு ஏன் வந்தது என்று அந்த மனுசிக்கு இப்போதுதான் விளங்கியிருக்கு, எனக்கு அப்பவே தெரியும் என்றார். மக்டலீனும் வருவாராம். கொரியத் தரப்பில் இருந்து எத்தனை பேர் வருவார்கள், வந்தால் என்ன செய்வார்கள், யாருக்கும் தெரியாது. மிஸிஸ் ஹான் ஒரு கதிரைகூடப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எல்லோரும் நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும்.

வருகிற சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, லோறன்ஸில் அச்சகத்துக்கு எதிர்ப்பக்கத்துக் கொரிய மண்டபத்தில். தயவு செய்து போங்கள். மன்னார்ப் பெருநிலத்தில் இரண்டாயிரத்து ஏழில் கொட்டில்களில் இருந்த யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், மொன்றியலில் என்றாலும் லண்டனில் என்றாலும், இதை இன்றைக்கே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டு குடும்பங்கள் இன்னும் கிடைக்கவில்லை.